கீறலுக்கு அந்தப் பக்கம்

எனக்கு எடையில்தான் நம்பிக்கை. இருபத்தாறு வருடமாகத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடை மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். லாரி காலியாக ஏறும், அதற்கு ஒரு சீட்டு. சரக்கோடு ஏறும், அதற்கு இன்னொரு சீட்டு. டிரைவர் என்ன கதை அளந்தாலும் காதில் வாங்கமாட்டேன். பெட்டியில் சிவப்பு எண் என்ன சொல்கிறதோ அதுதான் பேச்சு. இப்படிப்பட்ட ஆள், ஒரு ரெக்கார்டில் கீறல் விழுந்த ஒரே ஒரு இடத்தைக் கேட்பதற்காக முப்பதாயிரம் ரூபாயை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனான் என்றால் யார்டில் சிரிப்பார்கள். அதனால் அங்கே இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

காரணம் என் மனைவியின் காது. கல்யாணமான புதிதில் தண்டையார்பேட்டையில் டின் மூடி செய்யும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினெட்டு வருடம் பிரஸ் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூடி விழும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது, கை போய்விடும் என்று பயந்து பஞ்சும் வைத்துக்கொள்ளமாட்டாள். கை தப்பித்தது. காது மாட்டிக்கொண்டது. முதலில் காலிங் பெல் கேட்கவில்லை என்றாள். பிறகு குக்கர் விசில். பிறகு நான் கூப்பிடுவது. கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ரொம்ப நாள் நம்பவில்லை, வேண்டுமென்றே செய்கிறாள் என்றே நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒருவழியாக டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் சோதனை செய்த பெண் ஒரு தாளைக் கொடுத்தார். கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் கீழ் சத்தம், வலப்பக்கம் மேல் சத்தம். கோடு இடப்பக்கம் ஓரளவு நிமிர்ந்து நின்று, வலப்பக்கம் போகப்போகத் தலைகுப்புற விழுந்திருந்தது.

"மேல் சத்தமெல்லாம் போயிடுச்சு சார். குருவி, மணி, குழந்தைங்க குரல் எல்லாம் கஷ்டம். இடது காதுல கேக்கறதே பெரிசா இல்ல. வலது காதுல கீழ் சத்தம் கொஞ்சம் நல்லா இருக்கு, ஆனா அதுவும் குறைஞ்சிட்டு வருது. காதுக்கு மெஷின் வெச்சுக்கலாம். ஏதாவது ஆசையா கேக்கணும்னா மட்டும் தள்ளிப் போடாதீங்க."

இவ்வளவு நேரடியாகச் சொன்னாரே என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் மனதாரக் கும்பிடுகிறேன். அவர் பூசி மெழுகியிருந்தால் நாங்களும் தள்ளித்தான் போட்டிருப்போம்.

திரும்பி வரும் பஸ் ராயபுரம் பாலம் தாண்டும்போது மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"யோவ், எனுக்கு நைனாவோட தட்டு கேக்கணும்யா. அந்தக் கீறல் எடம்."

அவள் அப்பாவின் அந்த ரெக்கார்டுத் தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மாமனார் ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடியவர். என் மனைவிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அந்தக் குழு கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்ன ரெக்கார்டு போட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. பாடியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மாமனார் பெருமையடித்துக்கொண்டாராம்: "ரெண்டாவது பக்கத்துல ஒரு எடத்துல நான் மட்டும்தான் பாடறேன். நல்லா கேளுங்க."

கேட்பதற்கு வீட்டில் யாருக்கும் சரியாக வாய்க்கவில்லை. அந்த வாரமே, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக என் மனைவி, அதாவது அந்த ஐந்து வயதுச் சனியன், ஓடிக்கொண்டிருந்த தட்டின் மேல் ஊசியைப் பிடித்து இழுத்துவிட்டாள். இரண்டாவது பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். அதற்குப் பிறகு எப்போது போட்டாலும் ஊசி அந்த இடத்துக்கு வந்ததும் துள்ளி அடுத்த அடிக்குப் போய்விடும். மாமனார் அவளை அடிக்கவில்லை. "அங்கதாம்மா நைனா பாடினேன்" என்று மட்டும் சொன்னாராம்.

அதற்குப் பிறகு அது வீட்டுக் கேலியாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு உறவுக்காரர்கள் கூடும்போதெல்லாம் தட்டைப் போடுவார்கள். ஊசி துள்ளும். "இதோ, மாமா பாடிட்டாரு!" என்று எல்லோரும் கைதட்டுவார்கள். மாமியாரிடம் கேட்டால், "எனுக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சு" என்று கையை விரித்துவிடுவார். மாமனாரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும், "இல்லபா, நெஜமா ஒரு எடத்துல நான் மட்டும்தான் பாடறேன்" என்று சொல்லாமல் விடமாட்டார். இறந்துபோகும்வரை சொன்னார். யாரும் நம்பவில்லை. என் மனைவியும் நம்பவில்லை, கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. கீறியதும் நான், சிரித்ததும் நான் என்று அவள் அன்று பஸ்ஸில் சொன்னாள்.

வேறு பிரதி கிடைக்குமா என்று முதலில் தேடினேன். கோயிலில் இல்லை. கூடப் பாடியவர்களில் மிச்சமிருந்த ஓரிருவர் வீட்டில் கேட்டதில், ஒன்று உடைந்துபோயிருந்தது, ஒன்று வெயிலில் வளைந்துபோயிருந்தது. எங்கள் தட்டு மட்டும் பரணில் இருந்ததால் பிழைத்தது. மாமனாரின் பழைய பிளேயர் கீழே இருந்தது. புயல் வெள்ளத்தில் ஆலை எண்ணெயும் மழைத் தண்ணீருமாக வீட்டுக்குள் வந்த வருடம் அது போய்விட்டது. ஆக, தட்டு இருக்கிறது, ஓட்ட மிஷின் இல்லை. கையில் தீபாவளி போனஸும் பைக்குக்கு என்று ஒதுக்கியதும் சேர்ந்து முப்பதாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் புரட்ட வழியில்லை.

இரண்டு வாரம் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். விஷயம் மூன்றுதான். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள். அதன்மேல் நீளும் கை, அதை ஆர்ம் என்கிறார்கள். கையின் நுனியில் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நகத்தளவு டப்பா, அது கார்ட்ரிட்ஜ். காசை எதில் கொட்டுவது என்பதில்தான் அவர்களுக்குள் வெட்டுக்குத்து. மோட்டார்தான் முக்கியம் என்று ஒருவர் சொல்வார். அவருக்குக் கீழேயே நாற்பது பேர் ஊசிதான் முக்கியம் என்று அவரைத் திட்டுவார்கள். எனக்குத் தலை சுற்றியது. எது கனமோ அது நல்லது என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒரு நாள் மத்தியானத்தோடு வேலையை முடித்துவிட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடை, எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு மாடியில் இருந்தது. சாலிடரிங் கம்பியும் கையுமாக உட்கார்ந்திருந்த கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"வாங்கணா. இன்னா பட்ஜெட்டு?"

"முப்பது."

"பேஜாரே இல்ல, பண்ணிடலாம்."

சூட்கேஸ் மாதிரி மூடி வைக்கிற ஒன்று கண்ணெதிரே இருந்தது. விலை ரொம்பக் குறைவு. அதைப் பார்த்தேன். அவரே தலையை ஆட்டினார். "அது கிஃப்ட்டு குடுக்கறதுக்குணா. ஏற்கெனவே கீறல் வுழுந்த தட்டுன்னு சொல்றீங்க, அதுல போட்டா ஊசி ஏர் ஓட்டிடும்."

பிறகு கறுப்பாகப் பளபளக்கும் ஒரு மிஷினைக் காட்டினார். தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். எனக்கு ஏறக்குறைய பிடித்துவிட்டது. கையின் பின்பக்கத்தில் ஒரு எடைக்குண்டு இருந்தது. அதை முன்னும் பின்னும் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்து காட்டினார். எனக்கு அது ரொம்பவும் பழகிய காட்சி. எங்கள் மேடையைச் சோதித்து முத்திரை வைக்க வரும் அதிகாரிகள் வெறும் மேடையில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் போதாது என்பார்கள். சரக்கு லாரியை ஏற்றி நிறுத்தி, அதற்குமேல் ஒரு சின்னக் கல்லை வைப்பார்கள். எண் அசைய வேண்டும். அசையாவிட்டால் மேடை எங்கேயோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

பஸ் டிக்கெட்டின் மூலையைக் கிழித்து அந்தரத்தில் நின்ற கையின் நுனியில் வைத்தேன். கை அசையவில்லை. விரலால் மேசையைத் தட்டிய பிறகுதான் திடுக்கென்று இறங்கியது.

"எங்கியோ பிடிக்குது" என்றேன்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார், தானும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். "இன்னா வேலைணா நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு மேசைக்கு அடியிலிருந்து இன்னொன்றை இழுத்தார். பழைய ஜப்பான் மிஷின். மூடி உடைந்திருந்தது. ஓரத்து மரம் பெயர்ந்து, யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கனத்திலும் பாதிதான் இருக்கும். கையை அந்தரத்தில் நிறுத்தினார். அதே டிக்கெட் துண்டை வைத்தேன். கை மெல்ல, மறுபேச்சுப் பேசாமல் இறங்கியது. துண்டை எடுத்தேன். பழையபடி மெல்ல ஏறியது. கனம்தான் நல்லது என்று வந்தவன், அந்த அழுக்கு மிஷினை விட்டு அதன்பிறகு கையை எடுக்கவில்லை.

அடுத்தது கார்ட்ரிட்ஜ். மிச்சக் காசில் முக்கால்வாசியை விழுங்கும் விலையில் ஒன்றைச் சின்னப் பெட்டியிலிருந்து எடுத்தார். சலங்கையும் தாளமும் இதில் தனித்தனியாகக் கேட்கும், உதட்டு ஈரம்கூடக் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். மனைவிக்கு அவர் பேசுவது எதுவும் புரியவில்லை. "இன்னா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அவள் வலது காதில் கத்தினேன்: "மேல் சத்தம் நல்லா கேக்குமாம்!" கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கூச்சப்படவில்லை. பையைத் திறந்தாள், நாலாக மடித்து வைத்திருந்த அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்துக் கல்லாமேசைமேல் விரித்தாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். கார்ட்ரிட்ஜ் பெட்டியின் பின்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு கட்டம், ஒரு கோடு இருந்தது. இடப்பக்கம் கீழ் சத்தம், வலப்பக்கம் மேல் சத்தம். பெட்டியின் கோடு எந்த இடத்தில் தலை நிமிர்ந்து ஏறியதோ, சரியாக அந்த இடத்தில்தான் அவள் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது.

கடைக்காரர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். விலையுயர்ந்த பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். அதை என் தலையில் கட்டியிருந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல வியாபாரம். எனக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. சாம்பல் நிறத்தில் சாதாரணமாக இருந்த வேறொன்றைக் கொண்டுவந்தார்.

"இது உருண்ட மொனை ஊசி, அக்கா. மேல கொஞ்சம் மழுங்கலா வரும். நடுவும் கீழயும் கெட்டியா குடுக்கும். கீறலைக் கண்டாலும் பயப்படாது, முரட்டு ஆளு" என்றார் அவளுக்குக் கேட்கும்படி. பிறகு என்னிடம், "கையி நல்லதா அமைஞ்சிடுச்சுணா. கீறலைத் தாண்டறது அது வேல" என்றார். சத்தத்தைப் பெரிதாக்கும் சின்ன டப்பா ஒன்றும், பழசாக ஆனால் வாய் பெரிதாக ஒரு ஸ்பீக்கரும் அதே காசுக்குள் கொடுத்து, பார்சலும் அவரே கட்டினார். முன்பின் தெரியாத எங்களுக்கு அந்த மனிதர் செய்ததை நான் மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் புத்தியைக் காட்டினேன். எங்கள் வீட்டின் முன்சுவரை ஒட்டி எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போகிற தெரு. அந்தப் பக்கம் எப்போதும் லாரி. மேசை ஆடக்கூடாது என்று அதை முன்சுவரோடு சேர்த்து நெருக்கி, இடைவெளியில் மரச்சக்கையும் அட்டையும் வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கினேன். மலை மாதிரி நின்றது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கியிருந்தேன். ஊசி தட்டின்மேல் எவ்வளவு பாரத்தோடு உட்கார வேண்டும் என்று கார்ட்ரிட்ஜ் சீட்டில் போட்டிருந்தது: இரண்டு முதல் மூன்று கிராம். நாள் முழுக்க ஓவர்லோடு லாரிகளைத் திருப்பி அனுப்புகிறவன் வேறு எதை வைப்பேன்? தட்டுக்கு நோகக்கூடாது என்று இரண்டே கிராமில் நிறுத்தினேன்.

மனைவி வலது காதை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டாவது பக்கம். பாட்டு கிளம்பியது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. அரை நிமிடம்கூட ஆகவில்லை. தெருவில் ஒரு டிரெய்லர் போனது, ஊசி எகிறிப் பாட்டின் நடுவில் போய் விழுந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப ஒரு லாரி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், மத்தியானம் நானே எடை போட்டு அனுப்பிய வண்டி. நான் கையெழுத்துப் போட்ட சீட்டு டிரைவரின் முன்னால் இருக்கும். மூன்றாவது தடவை லாரி வரவில்லை. கீறல் வந்தது. ஊசி பழையபடி துள்ளி அந்தப் பக்கம் போனது. வழக்கமாக எல்லோரும் கைதட்டும் இடம்.

மனைவி எழுந்து மாதா படத்துக்குக் கீழே இருக்கும் ஜெபமாலை டப்பாவைத் திறந்து ஒரு பழைய நாலணாவை எடுத்து வந்தாள். மாமனாருடைய நாலணா. ராயபுரத்தில் அவர்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் பாதை. ரயில் போகும்போது ஊசி துள்ளாமல் இருக்க மாமனார் ஆர்மின் தலையில் நாலணாவை வைத்துத்தான் தட்டைப் போடுவாராம். அந்தப் பக்கத்தில் பிளேயர் வைத்திருந்தவர்கள் பாதிப் பேருக்கு அதுதான் வைத்தியம். அவள் அதை அதே மாதிரி வைத்தாள்.

"ஏய், எடுமே அத! ஓவர்லோடு ஆவுது! தட்டு தேஞ்சிடும்!"

முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவள் ஊசியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கத்தாத, கேட்டுச்சு. தட்டு தேஞ்சா தேயட்டும்யா. அதுக்குள்ள என் காது தேஞ்சிடும்."

இவள் காதுக்காக வாங்கிய மிஷினில் தட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. நாலணாவும் பலிக்கவில்லை. அடுத்த லாரிக்கு நாலணா ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் போனது. அவள் காசைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லாரிக்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினால் நன்றாக இருக்கும் என்று, அவர்கள் ஓடினால்தான் எனக்குச் சம்பளம் என்பதையும் மறந்து வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை யார்டில் என் முதல் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். எடை மேடை ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். மேடைக்கும் சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளிதான் மேடைக்கு உயிர். லாரி டயரில் வருகிற ஜல்லி அதில் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் மேடை தரையோடு தொட்டுக்கொள்ளும், எடை பொய் சொல்லும். அதனால் தினமும் ஒரு நீளக் கம்பியை விட்டு நாலு பக்கமும் சுரண்டி எடுப்பேன். அன்றைக்கு ஒரு ஜல்லி இறுகி மாட்டியிருந்தது. "வந்து சேந்துச்சு பாரு" என்று அதைத் திட்டிக்கொண்டே நெம்பும்போது, என் கை நின்றுவிட்டது. வீட்டில் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் நானே சுத்தியலால் அடித்து இறக்கிய மரச்சக்கை ஞாபகத்துக்கு வந்தது. அது வழியாகத்தான் லாரியின் அதிர்வு மேசைக்கு ஏறியிருக்கிறது. இருபத்தாறு வருடமாக எந்தத் தப்பை அடுத்தவர்கள் செய்யாமல் பார்த்துக்கொண்டேனோ, அதையே சொந்த வீட்டில் மெனக்கெட்டுச் செய்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழியருகே குந்தியபடி தனியாகச் சிரித்ததைப் பார்த்து ஒரு டிரைவர், "இன்னாணா, மறை கழண்டுக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"எவ்ளோ வெச்சிகீறீங்க? ரெண்டு கிராமா? ஏண்ணா அதப் பட்டினி போடறீங்க? கம்மியா வெச்சா ஊசி குதிக்கும். குதிச்சாதான் தட்டு அடி வாங்கும். ரெண்டே முக்காலுக்கு ஏத்துங்க, அப்பறம் பாருங்க."

சாயங்காலம் யார்டில் வீணாகக் கிடந்த கன்வேயர் பெல்ட் ரப்பரில் நாலு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சக்கையைப் பிடுங்கினேன். மேசையை முன்சுவரிலிருந்து நகர்த்தி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரோரம் கொண்டுவந்து, கால்களுக்கு அடியில் ரப்பரைக் கொடுத்தேன். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு விரலை விட்டு நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். எதுவும் எதையும் தொடவில்லை. தராசில் ஊசியை இறக்கி, இரண்டே முக்கால் வருகிறவரை குண்டைத் திருகினேன்.

மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் முன்னால் நின்று, மேசைப் பக்கம் வரச்சொல்லிக் கையைக் காட்டினேன். "வுடுய்யா, போதும்" என்றாள். நான் நகரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போல மேசைமேல் கையூன்றப் போனாள். பாய்ந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன். மேசையைத் தொடக்கூடாது என்று சைகை செய்தேன். முறைத்துவிட்டு, தனியாக முக்காலிமேல் இருந்த ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்து, வலது காதைச் சாய்த்துக்கொண்டாள்.

பாட்டு கிளம்பியது. முதல் அடி முடிவதற்குள் ஒரு டிரெய்லர் வந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. எவர்சில்வர் தம்ளர்கள் அலமாரியில் முணுமுணுத்தன. ஊசி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மூச்சு விட்டேன்.

பிறகு கீறல். தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் டக், டக் என்று அடிக்க ஆரம்பித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மனைவி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த டக் மேல் சத்தம், அவளுக்குக் கேட்கவே இல்லை. காது போனதில் ஒரு நல்லது இருந்தது என்றால் அது அந்த ஒரு நிமிடம்தான். ஊசி துள்ள வேண்டிய இடம் வந்தது. துள்ளவில்லை. கீறலில் ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் போனது.

அங்கே பாட்டு ஒரு கணம் நிற்கிறது. குழு மொத்தமும் மூச்செடுக்கிறது. அந்த அமைதியில், ஒரே ஒரு ஆண் குரல், கட்டைக் குரல், "வா" என்று நிறைந்த சத்தத்தில் ஆரம்பிக்கிறது. அரை நொடி கழித்து மற்ற எல்லோரும் "வாரும்" என்று சேர்ந்துகொள்கிறார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் வரச்சொல்லிக் கையைக் காட்டுவதற்கு முன்பே மேடையில் வண்டியை ஏற்றிவிடுகிற டிரைவர்களைத் தினமும் பார்க்கிறேன். மாமனார் முந்திவிட்டார். அவர் தனியாகப் பாடிய இடம் அவர் விட்ட தப்பு. பதிவு செய்தவர்கள் இன்னொரு தடவை எடுக்கக் காசில்லாமலோ நேரமில்லாமலோ அப்படியே விட்டிருக்கிறார்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

"முந்திக்கினாருய்யா!" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கச் சிரித்தாள். "அவசரக் குடுக்க நைனா! பாத்தியா, ரெடி ஆவறதுக்கு முன்னாடியே பூந்துட்டாரு." சிரிப்பு நின்ற பிறகு ஸ்பீக்கரைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஆனா பொய் சொல்லல பாரு. ஒரு எடத்துல நான் மட்டும்தான் பாடறேன்னாரு. அவுரு மட்டும்தான் பாடறாரு."

நானும் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம். "இன்னொரு தபா போடு" என்றாள். தட்டு தேயும் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. கையைத் தூக்கித் திரும்பப் போட்டேன். அன்று ஒன்பது தடவை போட்டேன். நெத்திலியைப் பூனை கொண்டுபோய்விட்டது, ரசம் சோறு சாப்பிட்டோம்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் மறுபடி காதைச் சோதித்தார்கள். கோடு இன்னும் இறங்கியிருக்கிறது. காதில் மெஷின் மாட்டியிருக்கிறாள், அதைத் திட்டிக்கொண்டே மாட்டியிருக்கிறாள். தட்டு மட்டும் வாரம் ஒரு தடவை போட வேண்டும். அப்போது மெஷினைக் கழற்றிவிடுவாள், அதில் நைனா குரல் தகரம் மாதிரி கேட்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போட்டேன். அவள் உள்ளங்கையை ஸ்பீக்கரில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கேட்கவில்லையோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் அவள் விரல் ஒன்று எழுந்தது. பாட்டு முடிந்ததும் அவள் முன்னால் குனிந்து, "இன்னாமே, கேக்குதா?" என்று வாயசைத்துக் கேட்டேன்.

"பொம்பளைங்க பாடறது போயிடுச்சுய்யா. பசங்க பாடறதும் போயிடுச்சு. ஆர்மோனியம் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ சொத்து கைக்கு வந்த மாதிரி என்னைப் பார்த்தாள். "இப்போ நைனா மட்டும்தான் பாடறாரு."

நான் மிஷினின் கையைத் தூக்கி ஊசியைத் திரும்ப முதலில் வைத்தேன்.